மலைநாட்டு வீதியும் பேசும் வாகனமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தில் யார் பேசலாம், யார் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்னும் நியதியை அச்சமுதாயத்தின் தொடர்புச் சாதனங்கள் வெளிப்படையாகக் காட்டிவிடுகின்றன. அரசாணைகளிலும் ஆண்டறிக்கைகளிலும் மறைந்து கிடக்கும் உறவுகள்கூட, தொலைபேசிக் கம்பி எந்த வீட்டு வாயிலோடு நின்றுவிட்டது என்ற எளிய வினாவுக்கு விடை தேடும்போது புலப்பட்டுவிடும். இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்வினா தனி முக்கியத்துவம் உடையது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் மற்றது மஸ்கெலியாவுக்கும் செல்கின்றன. இத்தகைய மலைநாட்டு வீதிகளில் பேருந்துகளுக்கும் கொழுந்து லொறிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் இடையே, அரை நூற்றாண்டைக் கடந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் இடைக்கிடை ஓடக் காணலாம். அவ்வாறான பழைய காரொன்றில், தொலைபேசியைக் கையிற் பிடிக்காமலே பேச உதவும் கருவித்தொகுதி ஒன்றைப் பொருத்துதல் மேலோட்டமாக நோக்குமிடத்து ஒரு சிறு தொழில்நுட்ப வேலையே. ஆயினும், தோட்டத் துரையின் அடையாளங்களாக நெடுங்காலம் விளங்கிய காரும் தொலைபேசியும் ஒரு வாடகைக்காரச் சாரதியின் ஆசனத்தருகே ஒன்றுசேரும் நிகழ்ச்சியாகவும் அதனைக் கொள்ளலாம். அந்நிகழ்ச்சிக்குப் பின்னுள்ள வரலாற்றை அறிவதும், அக்கருவி வாக்களிக்கும் விடுதலை மலைவீதியில் எவ்வளவுக்கு மெய்யானது என ஆராய்வதும் பயனுடையனவாகும்.

பங்களாவும் லயமும்

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தக நோக்கிற் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் மலைநாடு தேயிலை நாடாக மாறியது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. இவ்வாறு கொழும்புத் துறைமுகத்தோடும் இலண்டன் சந்தையோடும் மலைநாடு நெருங்கிப் பிணைக்கப்பட்டது. ஆனால் இப்பிணைப்பு தோட்டத்தின் எல்லா மாந்தரையும் ஒரே வகையிற் சென்றடையவில்லை.

தோட்டத்தின் நாள் தப்பொலியோடு தொடங்கியது. அவ்வொலி கேட்டுத் தொழிலாளர் பிரட்டுக்களத்திற் கூடினர். துரையின் கட்டளை கணக்கப்பிள்ளை வாயிலாகவும் கங்காணி வாயிலாகவும் கீழிறங்கி வந்தது. தப்புக்கு மறுமொழி சொல்ல இயலாது. அதனைக் கேட்டு எழுந்து செல்ல மட்டுமே இயலும். தோட்டத்தின் தொடர்பு முறைமை முழுவதும் இத்தன்மையதாகவே இருந்தது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இருக்கவில்லை. தொழிலாளிக்கு வரும் கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே அவர் கையைச் சேர்ந்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதங்கள் உரிய நாள் கழிந்தபின் கிடைத்தன என்ற முறைப்பாடு மலையக இளைஞரிடையே பல காலம் கேட்கப்பட்டு வந்துள்ளது.

வெளியாரின் குரல் தோட்டத்துக்குட் புகுவதும் எளிதாக இருக்கவில்லை. மலையகத் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் தோட்ட நிலைமைகளை நேரில் அறிவதற்குத் துணி வியாபாரியாக உட்புக வேண்டியிருந்தது. 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அவர் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியபோது, அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்கள் வாயிலாகத் தொழிலாளரிடம் கருத்துகளைக் கொண்டுசென்றார். துண்டுப்பிரசுரத்தைத் தடுக்கலாம், கூட்டத்தைக் கலைக்கலாம், ஒருமுறை செவியில் விழுந்த பாட்டைத் திரும்பப் பெற இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தொலைபேசி மலைநாட்டுக்கு வந்தபோது அது துரையின் பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்குமே வந்தது. கார் பங்களாவின் தரிப்பிடத்தில் நின்றது. லயத்தில் ஒருவர் நோயுற்றால் செய்தி முதலில் அலுவலகத்தை அடைய வேண்டும். அங்கிருந்து அனுமதி கிடைத்தபின் லொறியோ வேறு வாகனமோ வரவேண்டும். வாகனமும் குரலும் பிறரிடம் இருந்தமையால் இடையிற் கழியும் நேரமும் பிறர் வசமே இருந்தது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இத்தொடர்புக் குறையை மேலும் ஆழமாக்கியது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. உடன்பிறந்தோர் சிலர் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் தங்க, மற்றோர் நீலகிரியின் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் சென்றனர். 1968இல் தமிழக அரசு தாயகம் திரும்பியோருக்கென அம்மலைகளில் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை 1984இல் நின்றுபோனபின், கடலின் இருகரையிலும் கொழுந்து பறித்த உறவினரை இணைத்தது பெரும்பாலும் கடிதமே. பேச வேண்டும் என்ற வேட்கை எவ்வளவு ஆழமானது என்பதை உணராமல், கையடக்கத் தொலைபேசி இம்மலைகளில் எய்திய வரவேற்பை விளங்கிக்கொள்ள முடியாது.

பழைய கார் நிலைத்த கதை

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை உற்பத்தி செய்யப்பட்டது. பிரித்தானிய நடுத்தர வகுப்பாருக்கென உருவான இக்கார் இலங்கையில் இவ்வளவு காலம் நிலைத்ததற்குப் பொருளாதாரமே தலையாய காரணம். 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தொடர்ந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஏற்கெனவே நாட்டிலிருந்த கார்களைப் பேணிக் காப்பதே வழியாயிற்று. வேலைத்தலங்களிற் பாகங்கள் கடைந்து செய்யப்பட்டன. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு மாற்றப்பட்டது. இத்திறமை எவ்வளவு வளர்ந்ததெனின், 1990களின் தொடக்கத்திற் பிரித்தானியாவிலுள்ள மொறிஸ் மைனர் கார்களுக்கான பாகங்களை இலங்கையிற் செய்விக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது.

இவ்வாறு காக்கப்பட்ட கார்கள் காலப்போக்கிற் கைமாறின. துரைமாரும் வைத்தியர்களும் வைத்திருந்தவை நகரத்து வாடகைக் கார்களாயின. பிரசவ வேதனையுற்ற பெண்ணையும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனையும், புகையிரத நிலையத்துக்குப் பெட்டிகளோடு செல்லும் குடும்பத்தையும் சுமந்தன. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் தடைசெய்யப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி திறக்கப்பட்டமை பழைய கதையின் புதிய அத்தியாயமாகும். இலங்கையிற் பழைய கார் என்பது அரும்பொருட்காட்சிக்கு உரியதன்று, உழைத்துக்கொண்டிருக்கும் பொருள்.

வாகனத்துட் புகுந்த குரல்

1930இல் அமெரிக்காவிற் காருக்கான வானொலியைக் கல்வின் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் வாகனத்தை நினைவூட்டும் ‘மோட்டொரோலா’ என்னும் பெயர் அவ்வானொலியாலேயே எழுந்தது. 1946 ஜூன் 17ஆம் நாள் சென்ற் லூயிஸ் நகரில் வாகனத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அக்கருவி ஏறத்தாழ 36 கிலோகிராம் நிறையுடையது. இணைப்பாளர் ஒருவர் இடைநின்று தொடுப்பு ஏற்படுத்தினார். பேசும்போது பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சுவீடன் 1956இல் இணைப்பாளரின்றி இயங்கும் முறையை அமைத்தது. நாட்டைச் சிறு சிறு வலயங்களாகப் பகுத்து, ஒரு வலயத்திலிருந்து மறு வலயத்துக்கு உரையாடலைக் கைமாற்றும் முறை 1979இல் டோக்கியோவிற் கார்த் தொலைபேசிக்கெனவே முதலில் வர்த்தகச் சேவையாயிற்று. கையடக்கத் தொலைபேசியின் முன்னோடி கார்த் தொலைபேசியே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

தென்னாசியாவில் இத்துறையில் இலங்கை முந்திக்கொண்டது. 1989இல் செல்ரெல் நிறுவனம் சேவையைத் தொடங்கியது. 1995இல் டயலொக் எண்ணியல் முறையிலமைந்த சேவையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இவை செல்வர்க்கும் வணிகர்க்குமே எட்டின. 2000ஆம் ஆண்டுக்குப் பின் விலைகள் வீழ்ந்தபோதே லயத்து அறையிலும் தொலைபேசி ஒலிக்கலாயிற்று. கம்பி ஒருபோதும் ஏறாத படிகளிற் கம்பியில்லாக் குரல் ஏறியது. தோட்டத்து அலுவலகத்தின் இடையீடு இன்றி, லயத்திலிருந்து நேரே ஒரு சாரதியை அழைக்க முடிந்தமை மலையக வாழ்வில் ஏற்பட்ட பெருமாற்றங்களுள் ஒன்று. சாரதிக்கும் இது பிழைப்பாயிற்று. நகரத் தரிப்பிடத்திற் காத்து நின்றவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பைப் பெறலானார். கையடக்கத் தொலைபேசியை வாகனத்தோடு இணைக்கும் தேவை இவ்வாறே பிறந்தது.

ஒட்டவைக்கும் கலை

முற்காலக் கருவித்தொகுதி நான்கு உறுப்புகளைக் கொண்டது: தொலைபேசியைத் தாங்கும் தொட்டில், சாரதியின் தலைக்கு அருகில் வைக்கும் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, வாகனத்தின் வெளியே நிற்கும் அலைவாங்கி. மலைநாட்டில் இந்நான்காவது உறுப்பின் பயன் பெரிது. காரின் இரும்புக் கூட்டுக்குள் அலைகள் மெலிகின்றன. மலைமுகடும் அவற்றை மறைக்கின்றது. கூரைமேல் நிற்கும் அலைவாங்கி இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

புதிய காரில் அரை நாளில் முடியும் இவ்வேலை பழைய காரிற் பல தடைகளை எதிர்கொள்ளும். முதலாவது, மின்னின் முனை. இக்காலக் கார்களில் மின்கலத்தின் எதிர்முனை வாகனத்தின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனையே அவ்வாறு இணைக்கப்பட்டது. எதிர்முனையை உடலாகக் கொண்டு செய்யப்பட்ட கருவியை அக்காரின் தகட்டில் அப்படியே திருகினால், மின் குறுக்கே பாய்ந்து கருவி கெடும், கம்பியும் தீப்பற்றலாம். எனவே கருவியை உடலிலிருந்து காப்பிட்டுப் பிரிக்க வேண்டும். அன்றேல் காரின் முனைகளையே மாற்றியமைத்து, தைனமோவுக்குப் புதிய திசையைப் பழக்க வேண்டும். பழைய வொக்ஸ்வாகன் கார்கள் சிலவற்றில் மின்னழுத்தம் 12 வோல்ட் அன்றி 6 வோல்ட்டாக இருந்தமையும் கருதத்தக்கது.

இரண்டாவது, காப்பு உருகி. மொறிஸ் மைனரின் உருகிப் பெட்டியில் இருந்தவை 35 அம்பியர் உருகிகள் இரண்டே. சிறிதளவு மின்னே பெறும் கருவிக்கு இவை காப்பாகா. அதற்கெனச் சிற்றளவு உருகி ஒன்றைத் தனியே இடவேண்டும். மூன்றாவது, இரைச்சல். தைனமோவின் தூரிகைகளிலும் ‘பிளக்’குகளிலும் எழும் தீப்பொறிகள் ஒலிபெருக்கியிற் சீறலாகவும் வெடிப்பாகவும் கேட்கும். இரைச்சலை அடக்கும் தடைகளும் கொண்டென்சரும் இன்றி உரையாடல் தெளிவுறாது.

நான்காவது தடை எதிரொலி. ஒலிபெருக்கியிற் கேட்கும் மறுமுனையாரின் குரல் ஒலிவாங்கியில் மீண்டும் புகுந்து அவரிடமே திரும்பிச் செல்லும். திரும்பும் குரலை முன்கூட்டி மதித்து அதனைக் கழித்துவிடும் முறையை 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் வகுத்தனர். அவர்களுள் இந்தியாவிற் பிறந்த மன் மோகன் சோந்தியின் பங்கு பெரிது. 1967இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக்கட்டுரை இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்று. 1990களின் இறுதியிற் புளூடூத் என்னும் குறுந்தூர அலைமுறை வந்தபின் தொட்டிலும் கம்பிகளும் பெரும்பாலும் ஒழிந்தன. பழைய காருக்கும் புதிய தொலைபேசிக்கும் இடையிலிருந்த பகை இவ்வாறு தணிந்தது. சாரதியின் கை இப்போது கட்டற்றது.

மலைவீதியின் செவி

கை கட்டற்றதாயின் ஆபத்து நீங்கிவிட்டதா என்பதே அடுத்த வினா. சட்டங்கள் பெரும்பாலும் கையையே நோக்கின. பிரித்தானியா 2003 டிசம்பர் 1ஆம் நாள் முதல் தொலைபேசியைக் கையிற் பிடித்து வாகனம் செலுத்துவதைத் தடைசெய்தது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் கையிற் பிடிக்கும் கருவியையே குறிக்கின்றது. இதற்குக் காரணம் எளிது. கையிற் கருவி இருப்பதைப் பொலிஸார் காணலாம். சிந்தை எங்கிருக்கின்றது என்பதைக் காண இயலாது.

ஆய்வுகளோ வேறு முடிவைக் காட்டின. 1997இல் ரெடெல்மையர், திப்ஷிரானி ஆகிய இருவரும் டொரொன்ரோவில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தனர். தொலைபேசியிற் பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்காவதையும், கையிற் பிடியாத கருவி இதிற் பாதுகாப்பு எதனையும் கூட்டவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். 2001இல் ஸ்ட்ரேயர், ஜோன்ஸ்டன் ஆகியோர் நடத்திய பரிசோதனை இதனை மேலும் விளக்கியது. வானொலி கேட்டவாறு செலுத்தியோரின் திறன் குன்றவில்லை. உரையாடியவாறு செலுத்தியோர் நிறுத்தற் சைகைகளைத் தவறவிட்டனர். கேட்டலில் மனம் விரும்பியபோது விலகலாம். உரையாடலில் மறுமொழி சொல்லும் கடப்பாடு மனத்தைப் பிணித்துவிடுகின்றது.

இவ்வுண்மை சமதரையிலும் உண்மையே. நோர்வூட் போன்ற இடங்களில் அது இருமடங்கு உண்மை. மலைவீதியிற் சாரதி கண்ணால் மட்டும் செலுத்துவதில்லை. வளைவின் மறுபுறம் கண்ணுக்குத் தெரியாது. மூடுபனி இறங்கினால் இப்புறமும் தெரியாது. ஆதலால் வளைவை அணுகும்போது ஒலியெழுப்புவதும், எதிரொலியாக வேறொரு வாகனத்தின் ஒலி வருகின்றதா எனச் செவிமடுப்பதும் மலைச்சாரதியின் அடிப்படைப் பயிற்சியாகும். பாரமேற்றிய லொறியின் முனகல், பேருந்தின் ஊதல், மேலிருந்து சரியும் மண்ணின் ஓசை ஆகிய யாவும் அவருக்குச் செய்திகளே. வளைவில் எழுப்பும் ஒலியே வாகனங்கள் தமக்குள் பேசிக்கொண்ட முதல் மொழி எனலாம். காரினுள் நிறையும் தொலைபேசிக் குரல் இம்மொழியையே மூடிவிடுகின்றது.

இன்னொன்றும் உண்டு. அருகில் அமர்ந்து பேசுபவர் வளைவைத் தாமும் காண்கின்றார். லொறி எதிர்ப்படின் வாயடைத்துப் போகின்றார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு வளைவு தெரியாது. மேலும் மலைமுகடு அலையை மறைப்பதால், வீதி திரும்பும் இடத்திலேயே குரலும் அறுபடுதல் உண்டு. அறுந்த சொல்லைப் பிடிக்கச் சாரதி செவியை மேலும் கூர்மையாக்கும் கணமும், அச்செவி வெளியிலே தேவைப்படும் கணமும் ஒன்றாகிவிடுகின்றன.

நோர்வூட் தரும் பாடம்

எனினும், தொலைபேசி வாகனத்துக்கு வேண்டாத பொருள் என்று முடிவுசெய்வது வரலாற்றுக்கு மாறானது. மேற்குறித்த டொரொன்ரோ ஆய்விலேயே, விபத்துக்குள்ளான சாரதிகளுள் 39 சதவீதத்தினர் அதன்பின் அவசர உதவியைத் தம் தொலைபேசியால் அழைத்தனர் என்ற செய்தியும் உள்ளது. ஆபத்தை விளைக்கும் கருவியே ஆபத்தில் உதவும் கருவியாகவும் இருக்கின்றது.

2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டில் மலையக மக்கள் முன் உரையாற்றினார். டிக்கோயாவில் இந்திய உதவியோடு அமைந்த 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை அன்றைய தினமே திறந்துவைக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட ‘1990’ அவசர அம்புலன்ஸ் சேவை ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்படும் என்ற அறிவிப்பும் அம்மேடையிலேயே வெளியாயிற்று. நான்கு இலக்கங்களை அழுத்தினால் வாகனம் புறப்படும் என்பதே அதன் பொருள். தப்பொலி கேட்டு எழுந்தோடிய மக்களின் வழித்தோன்றல்கள், தம் குரல் கேட்டு வாகனம் எழுந்தோடுவதைக் காணும் நிலைக்கு வந்தனர். நூற்றாண்டுக் காலம் ஒருவழியாக இறங்கி வந்த செய்தி இருவழிப்பட்டது.

இப்பேறு எளிதில் வந்ததன்று. ஆதலால் அதனை வீணாக்கலாகாது. தொட்டிலிற் செருகிய தொலைபேசி அழைப்பு வந்ததை அறிவிக்கட்டும். அதற்கு விடைசொல்லும் இடம் வளைவன்று. ஓரமாகக் காரை நிறுத்தக்கூடிய அகலம் மலைவீதிகளில் அருகியே இருப்பதால், அத்தகைய தரிப்பிடங்களை அமைத்தல் வீதியதிகாரிகளின் கடனுமாகும். ஓட்டத்தினிடையே மறுமொழி பெற்றாக வேண்டும் என வற்புறுத்தும் அழைப்போரும், அடுத்த அழைப்பைத் தவறவிட்டால் அன்றைய வருமானம் குறையும் என அஞ்ச வைக்கும் தொழில் நிலையும் இதிற் பங்குடையன. சாரதியின் தனிக்குற்றமாக மட்டும் இதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

மலையக மக்கள் நெடுங்காலம் பேச இடமின்றிக் கேட்டிருந்தனர். இன்று பேசும் உரிமையைப் பெற்றுள்ளனர். நோர்வூட் வீதியின் வளைவிலோ கேட்டலுக்கும் பேச்சுக்கு ஒத்த மதிப்பு உண்டு. பழைய காரிற் புதிய கருவியைப் பொருத்துவோர் நேர்முனை எது, எதிர்முனை எது எனத் தேர்ந்தறிதல் போலவே, எவ்விடத்திற் பேசுவது, எவ்விடத்திற் செவிகொடுப்பது என்பதையும் தேர்ந்தறிதல் வேண்டும். முன்னது பிழைத்தாற் கருவி கெடும். பின்னது பிழைத்தால் உயிர்கள் கெடும்.